என் கையில் மை, உன் கையில் கறை

மனித இனத்தில் மைப்பித்தர் என்றொரு கிளை உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்கள் சட்டை பார்த்திருக்கும்.

உலகமே கட்டைவிரலால் எழுதிக்கொண்டிருக்கிற காலத்தில், இவர் சட்டைப் பையில் ஓர் ஊற்றுப் பேனாவைச் செருகி, அதற்குள் ஒரு மையை நிரப்பி, அந்த மைப் புட்டிக்காக ஒரு டிராயரையும், டிராயருக்காக ஒரு பூட்டையும், பூட்டுக்காக ஒரு கவலையையும் தேடிக்கொண்டு வாழ்கிறார். சாதாரண மை என்றால் தொல்லையே இல்லை. சாதாரண மை வைத்திருப்பவர் எழுதுவார். எழுதியதும் மூடி போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். மைப்பித்தருடையது நீலம். என்ன நீலம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சொல்வார்.

"மீன்கொத்தி தண்ணிக்குள்ள பாயுது பாருங்க, அதுக்கு ஒரு கணம் முன்னாடி இறக்கையில ஒரு பளிச்சு. அந்தப் பளிச்சைப் புடிச்சு புட்டியில அடைச்சிருக்கான் சார்!"

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: அழகான நீலம்தான். வெள்ளைத் தாளில் அது தீயைப்போல் நிற்கும். மற்ற நீலங்களெல்லாம் அதன் பக்கத்தில் நூறுமுறை துவைத்துக் காயப்போட்டவைபோல் தெரியும். குறை ஒன்றுதான். அது தாளோடு நிற்காது.

நான் சொல்லவந்த மைப்பித்தர் ஒரு தலைமை எழுத்தர். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகத்தில் வேலை. அவருடைய பேனாவுக்கு இரண்டே நிலைகள்: எழுதாது, எழுதத் தொடங்கினால் நிற்காது. எழுதாதபோது உதறுவார். அவர் கை தோளுக்கு மேலே போனால், பக்கத்து மேஜைக்காரர்கள் பேச்சை நிறுத்தாமலே தலையை மட்டும் தாழ்த்திக்கொள்வார்கள். எழுதி முடித்த தாளைக் கைக்குழந்தைபோல் இரண்டு கையிலும் ஏந்தி, ஊதிக்கொண்டே வராந்தாவில் உலாத்துவார். பிறகு, "காஞ்சிடுச்சு" என்று நீட்டுவார். அந்த அலுவலகத்தில் அதிகம் சொல்லப்படும் பொய் அதுதான். எடை குறைத்து விற்கிற வியாபாரிகள் நாள்தோறும் வந்துபோகிற இடம் அது என்பதை மறந்துவிடாமல்தான் இதைச் சொல்கிறேன்.

வீட்டில் எந்த ஸ்விட்சை அவர் போட்டார், எதை மனைவி போட்டார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். கதவுப் பிடி நீலம். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பு நீலம். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மேஜையில் முழங்கையை ஊன்றிவிட்டுப் போனார். ஊருக்குப் போய் டாக்டரிடம் காட்டினாராம். யோசிக்கும்போது காதைச் சொறிவது நம்மவர் பழக்கம். ஆகவே வலது காதும் நீலம். அவர் யோசிக்கிற மனிதர் என்பதற்கு உலகில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் காது.

"ஏங்க, தலையணை உறையை ஊறப்போட்டு ஊறப்போட்டு அடிக்கிறேன். உங்க காது அப்படியே பதிஞ்சு கெடக்கு. போக மாட்டேங்குது."

"போகாது. அதான் அதோட தரம்."

"துவைக்கிறது நானு, தரம் அதுக்கா?"

"உனக்கு மையோட அருமை தெரியல. நம்ம பேச்சுல ஒசந்த வார்த்தையெல்லாம் எதுல போய் முடியுது? உண்மை. நேர்மை. பெருமை. எல்லாத்துலயும் மை இருக்கு."

"எருமையிலயும் இருக்கு" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் மனைவி.

பேனா கசிகிறதா? பேனா மட்டம். தாளின் மறுபக்கம் ஊறுகிறதா? தாள் மட்டம். காயவில்லையா? காற்றில் ஈரம். கறை போகவில்லையா? சோப்பு போலி. ஊரே குற்றவாளி, மை மட்டும் நிரபராதி. நம்பிக்கை என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிற பொருள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. கும்பிடப்படுவது ஒருநாளும் தவறு செய்யாது. சுற்றியிருப்பவர்கள்தான் தவறு செய்துகொண்டே இருப்பார்கள். துணியோடும் தலையணையோடும் போகும்வரை இது சிரிக்கிற விஷயம். துணிக்கு வயிறு கிடையாது.

வயிறு உள்ளவர்கள்மேல் விழுந்த கதை இது.

அலுவலகத்தின் இயக்குநர் வெள்ளை உடுப்புக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. ஒருநாள் கூட்ட அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சற்று முன்னால் அதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் தலைமை எழுத்தர் பேனாவை உதறியிருந்தார். இயக்குநர் எழுந்தபோது அவருடைய பின்புறத்தில் இரண்டு கண்டங்களும் ஒரு வளைகுடாவும் இருந்தன. அந்த உலகப்படத்தோடு அவர் எல்லாப் பிரிவுகளுக்கும் போனார். வியாபாரிகள் சங்கத்துக்குப் போனார். அங்கே கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பலகையில் தராசுப் படம் போட்டு, நேர்மையான எடை என்றால் என்ன என்று விளக்கினார். வழக்கத்தைவிடக் கைதட்டல் நீண்டுபோனதில் மகிழ்ந்து வீடு திரும்பினார். ஒருவரும் சொல்லவில்லை. பெரிய மனிதர்களின் பின்புறம் பற்றிய செய்தி ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் அவர்களிடம் வரும். வீட்டில் மனைவி சொன்னார்.

மறுநாள் காலை விசாரணை. விசாரணை அதிகாரி யார்? மூத்தவர், முத்துப்போல் எழுதுகிறவர், நம் தலைமை எழுத்தர்தான்.

சிரிக்காதீர்கள். இதைவிட மோசமான நியமனங்களை நீங்கள் பார்த்ததில்லையா?

நீலம் எங்கிருந்து வந்தது என்பதல்ல அங்கே கேள்வி. யார் தலையில் கட்டலாம் என்பதே கேள்வி. நிரந்தர ஊழியர் மேல் கைவைத்தால் தொழிற்சங்கம் வரும். தற்காலிக ஊழியருக்காக யார் வருவார்? அங்கே தற்காலிகம் ஒரே ஒருவர். நகல் இயந்திரத்தை இயக்குகிற பெண். எல்லோருக்கும் ஜெராக்ஸ் அக்கா. வேலைக்குச் சேர்ந்தபோது இடுப்பில் இருந்த மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அக்கா இன்னும் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு நகர்ந்து நகர்ந்து அப்போதுதான் இயக்குநரின் மேஜைக்கு வந்திருந்தது. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. இப்போது வெளியே அனுப்பினால் அத்தனை வருடமும் தண்ணீரில் எழுதிய எழுத்து.

எல்லா ஊழியர்களையும் சுற்றி உட்காரவைத்து விசாரணை தொடங்கியது.

"மை சம்பந்தப்பட்ட வேலை இந்த ஆபீஸ்ல யாரு பாக்குறா?"

"நான்தான் சார். ஆனா மெஷின்ல போடறது கறுப்புப் பொடி. சார் கால்சட்டையில இருந்தது நீலம்."

"பொடியில தண்ணி பட்டா?"

"கறுப்புத் தண்ணி ஆகும்."

"அந்தக் கறுப்பு கொஞ்சம் வெளுத்தா?"

"சாம்பல் ஆகும் சார். கறுப்பு வெளுத்தா நீலமாகும்னா, நரைச்சவங்க தலையெல்லாம் நீலமால்ல இருக்கணும்?"

தலைமை எழுத்தர் யோசித்தார். அதாவது, காதைச் சொறிந்தார். அறையில் இருந்த அத்தனை கண்களும் முதலில் அவருடைய விரல்களுக்குப் போயின. விரல்களிலிருந்து காதுக்குப் போயின. காதிலிருந்து ஒரே சமயத்தில் ஜன்னலுக்குப் போயின. கணக்கர் ஜன்னலுக்கு வெளியே எதையோ எண்ணுவதுபோல் உதட்டைக்கூட அசைத்தார்.

அக்கா மட்டும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கையைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா? இது மைம்மா."

"அப்ப அவர் கால்சட்டையில இருந்தது?"

"அது கறை."

நினைவில் கொள்ளுங்கள், அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பொய்யனை நாலு குறுக்குக் கேள்வியில் மடக்கிவிடலாம். இவர் மனதார நம்பினார். தன் கையில் இருக்கும்வரை அதன் பெயர் மை, தன்னைவிட்டுப் போய் ஒருவர்மேல் பட்டால் கறை, அந்தக் கறைக்கு எங்கிருந்தாவது ஒரு குற்றவாளி வந்துதான் ஆகவேண்டும் என்று நம்பினார். உலகில் நடக்கிற அநியாயத்தில் பாதியைக் கெட்டவர்கள் செய்கிறார்கள். மீதியை இவர்கள் செய்கிறார்கள், நல்ல தூக்கத்தோடு.

அங்கேயே உத்தரவு எழுதினார். மேலே காரணங்களைச் சாதாரணமாக எழுதிவிட்டு, தாளின் அடியில் கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை அழுத்தி, ரசித்து, மை குளமாய்த் தேங்க எழுதினார்: 'உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.' கீழே கையெழுத்து, வால் சுழற்றி. இரண்டு முறை ஊதினார்.

"காஞ்சிடுச்சு. இதை நகல் எடுத்துட்டு வாங்க."

"நானா?"

"நகல் எடுக்கறது நீங்கதானே?"

"என்னைத்தான் நீக்கிட்டீங்களே சார்!"

"உத்தரவு கைக்கு வந்தாத்தான் நீக்கம். நகல் எடுத்தாத்தான் உத்தரவு கைக்கு வரும். அதுவரைக்கும் நீங்க டூட்டியிலதான் இருக்கீங்க. போங்க."

"தூக்குல தொங்கப்போறவளே கயிறும் வாங்கிட்டு வரணும். நல்லாயிருக்கு சார் உங்க சட்டம்."

அக்கா போனார். உத்தரவை இயந்திரத்தின் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூடியை அழுத்தி, நகல் எடுத்தார். திரும்பிப் பார்த்தால் வாசலில் வரிசை. ஜன்னலைப் பார்த்த அத்தனை பேரும் ஆளுக்கொரு காகிதத்தோடு நிற்கிறார்கள்.

"அக்கா, போறதுக்கு முன்னாடி இதை மட்டும் ஒரு காப்பி எடுத்துக் குடுத்துடுங்க. புதுசா வர்றவங்களுக்கு மெஷின் புடிபட நாளாகும்" என்றார் கணக்கர்.

அக்கா காகிதங்களை வாங்கினார். எல்லோருக்கும் எடுத்தார். எடுத்ததைக் குனிந்துகூடப் பார்க்காமல் நீட்டினார். கண்ணில் தண்ணீர் நிற்கும்போது யார் எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார்?

மதியத்துக்குள் அலுவலகம் அலறியது.

காயாத மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி வரியும் கையெழுத்தும் சிந்தாமல் சிதறாமல் கண்ணாடியிலேயே குடியேறிவிட்டன. அதன்மேல் எந்தத் தாளை வைத்து எடுத்தாலும், நகலின் அடியில் அந்த வரி. ஒரு மளிகைக் கடைக்குப் போன சான்றிதழில் இப்படி இருந்தது: 'இந்தத் தராசு சரியாக எடை காட்டுகிறது. உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.' கணக்கர் காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்டிருந்தார். கிடைத்தது நிரந்தர விடுப்பு. அவர் தலைமை எழுத்தரின் மேஜைக்கு ஓடிவந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன சார் தப்புப் பண்ணேன்? ஜன்னலைத்தானே பாத்தேன்!"

எல்லாவற்றுக்கும் சிகரமாக, இயக்குநரின் சுற்றறிக்கை. இலக்கணப்பிழை ஒன்றுகூட இல்லை: 'இயக்குநர் நாளை வெளியூர் ஆய்வுக்குச் செல்கிறார். உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.' கீழே, வால் சுழற்றிய கையெழுத்து.

இயக்குநர் அறைக்குத் தலைமை எழுத்தர் அழைக்கப்பட்டார். நகல் எடுத்தவர் என்பதால் ஜெராக்ஸ் அக்காவும்.

"என்னய்யா இது? என்னை வேலையைவிட்டுத் தூக்க நீ யாரு?"

"ஐயோ சார், நான் எழுதல! அது தானா ஒட்டிக்கிச்சு."

"எழுதாம கையெழுத்து எப்படித் தானா வரும்? எனக்குக் காது குத்தறியா?"

வேலை போகிற பயம் ஒருபக்கம். மையின் பெருமையைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பு மறுபக்கம். இரண்டும் சேர்ந்து அவரைத் தள்ளின.

"சத்தியமா ஒட்டும் சார்! உங்களுக்கு இந்த மையைப் பத்தித் தெரியாது. இது லேசுல காயாது. யாரும் ஒண்ணும் செய்ய வேணாம், பட்ட எடத்துலயெல்லாம் தானா ஒட்டிக்கும். கண்ணாடியில ஒட்டும், மேஜையில ஒட்டும், கதவுல ஒட்டும், நாற்காலியில..."

நின்றுவிட்டார்.

இயக்குநரின் வலது கை மெதுவாக, அவருடைய அனுமதி இல்லாமலே, பின்புறத்துக்குப் போனது.

"சொல்லுங்க சார்" என்றார் அக்கா. "நாற்காலியில?"

தலைமை எழுத்தர் காதைச் சொறிந்தார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நியாயம் நடந்ததா என்று கேட்காதீர்கள். அது வேறு இலாகா. கால்சட்டை விஷயம் மீண்டும் ஊர்வாயில் விழக்கூடாது என்று இயக்குநர் தவித்தார். அக்காவுக்கு அது புரிந்தது. மேஜையில் கிடந்த நிரந்தரக் கோப்பைத் தானே எடுத்து அவர்முன் விரித்தார். இயக்குநர் பேனாவைத் தேட, பழக்கதோஷத்தில் தலைமை எழுத்தர் தன் பேனாவை நீட்டினார்.

"அது வேணாம் சார்" என்று குறுக்கே கை நீட்டித் தடுத்தார் அக்கா. "என் வேலை நாளைக்கு வேற யாரு தலையிலயாவது ஒட்டிக்கப்போவுது."

உத்தரவு கிழிக்கப்பட்டது. தலைமை எழுத்தருக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. அவர் நிரந்தரம். தரமற்ற தாள்களை வாங்கியதே இத்தனைக்கும் காரணம் என்று அறிக்கை எழுதினார், அதே நீலத்தில். ஆனால் யாரோ ஒருவர் தண்டிக்கப்பட்டாக வேண்டுமே? நாற்காலியைப் பின்கட்டில் போட்டு உடைத்தார்கள். அன்று மாலை வீட்டுக்குப் போன தலைமை எழுத்தர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனைவியிடம் சொன்னார்: "இன்னிக்கு என் மை இயக்குநரையே தூக்கியிருக்கும் தெரியுமா!"

மனைவி அவருடைய சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு வாளியை எடுத்தார்.

இந்த இடத்தில் நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறீர்கள். நீங்கள் பந்துமுனைப் பேனாக்காரர். உங்கள் காது காது நிறத்தில்தான் இருக்கிறது. நல்லது. ஆனால் உங்கள் கோபம் ரோஷம், தம்பியின் கோபம் திமிர் அல்லவா? உங்கள் பிள்ளை துறுதுறுப்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளை அடங்காப்பிடாரி. நீங்கள் பேசினால் வெளிப்படை, மைத்துனர் பேசினால் வாய்த்துடுக்கு. வீட்டில் எதையாவது ஒருவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறாரா? ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், எதைக் கழுவுகிறார் என்று.

அதுவும் இல்லையா? ஒருவர் மேலும் உங்கள் சாயம் ஒட்டியதே இல்லையா? அப்படியென்றால் அன்று அந்த விசாரணை அறையில், அக்காவுக்கு நேர் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்த ஆள் நீங்கள்தான். அடையாளம் தெரிகிறது. ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்றிருந்தேன்: அந்த ஜன்னலுக்கு வெளியே அப்படி என்னதான் தெரிந்தது உங்களுக்கு?