சாட்சி இல்லாத ஊழியம்

பத்தொன்பதாவது நாளாக நல்லதம்பி கக்கூஸைக் கழுவி முடித்தார். பத்தொன்பதாவது நாளாக ஒரு நாய்கூடப் பார்க்கவில்லை.

காலை ஆறரை மணி. ஜங்லிகாட் சந்தில் ஆட்டோக்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. பினாயில் வாளியோடு கால் மணி நேரம் நின்றார். இருமினார். "ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகவும் சொல்லிப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை.

எல்லாம் வாய்க்கொழுப்பால் வந்தது. சபையில் துப்புரவு வேலை செய்யும் சொர்ணம்மா ஒரு ஞாயிறு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். சபைச் செயலாளர் நல்லதம்பி, "பின்னால போ, பிளீச்சிங் பவுடர் நாத்தம் தாங்கல" என்றார். சொர்ணம்மா எழுந்து போனாள். கூடவே அவர் மனைவி நளினியும் எழுந்தாள்.

"உங்களுக்குத் தாழ்மை வர்ற வரைக்கும் உங்க பக்கத்துல உட்கார மாட்டேன்."

முப்பது வருஷம் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடியவர்கள். இப்போது அவர் தனியாகப் பாடினார். ராகம் எங்கோ போனது.

போதகரிடம் போய் அழுதார்.

"யாருக்கும் தெரியாம ஒரு அடிமை வேலை செய்யும், அண்ணாச்சி. வலது கை செய்யுறது இடது கைக்குத் தெரியக் கூடாது."

இடது கைக்குத் தெரிய வேண்டாம், சரி. நளினிக்குத் தெரிய வேண்டாமா?

சபையின் பின்பக்கமே போயிராத செயலாளர், மறுநாளே துடைப்பத்தோடு போனார். சொல்லவும் கூடாது, தெரியவும் வேண்டும். இதுதான் சிக்கல்.

அந்தப் பத்தொன்பதாவது நாள் கைக்குச் சோப்புப் போடாமல் வீட்டுக்கு வந்தார். காபி வாங்கும்போது கையை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"ஐயே! போய்க் குளிங்க!"

"தண்ணி இல்லையே."

"மூணு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. டிரம் எப்படிக் காலியாச்சு? வாளி வாளியா எங்க கொண்டு போறீங்க?"

பதில் சொன்னால் பலன் போச்சு. காபி உள்ளே திரும்பிப் போனது.

மறுநாள் ஞாயிறு. சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தார்.

"நம்ம மத்தியில ஒரு சகோதரன்... பேர் சொல்ல மாட்டேன்... விடியக்காலம் வந்து கக்கூஸைக் கழுவுறான். அவனுக்காக ஜெபிப்போம்."

தலையைக் குனிந்தார். யார் அந்தச் சகோதரன் என்று குழந்தைக்கும் விளங்கும்படிக் குனிந்தார்.

போதகருக்குக் கண் கலங்கியது. "சகோதரன் இல்ல அண்ணாச்சி, சகோதரி! நாமதான் கண்டுக்காம இருந்துட்டோம். சொர்ணம்மா, முன்னால வாம்மா."

சால்வை வந்தது. கைதட்டல் வந்தது. சொர்ணம்மா கூசிப்போனாள்.

"எட்டு வருஷமா தினம் கழுவுறேன்யா. அதுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"பொய்!" நல்லதம்பி துள்ளிக் குதித்தார். "இருபது நாளா அது என் கக்கூஸ்!"

சொர்ணம்மா சால்வையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே வச்சுக்கங்கய்யா."

அவர் கை தானாக நீண்டது. அதுதான் கொடுமை.

வாசலில் நளினி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நளினி, சத்தியமா நான்தான் கழுவினேன்!"

"அவகிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கணுமா? கக்கூஸுலயும் உங்களுக்கு முன்வரிசை கேட்குதா?" அவள் குரல் உடைந்தது. "நான் பெரார்கஞ்ச்சுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பாதீங்க."

நல்லதம்பி படியில் உட்கார்ந்தார். தாழ்மையும் வரவில்லை, இருந்த மனைவியும் போகிறாள். "ஆண்டவரே, என்னால ஆகாது" என்றார். இருபது நாளில் முதல்முறையாக, யாருக்கும் கேட்காத குரலில்.

நளினி ஆட்டோவுக்குக் கை காட்டினாள். அதற்குள் சபைக்குப் பின்னால் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நூருல்லா ஓடி வந்தார்.

"அரே பாபி, ஏக் மினிட் அண்ணி! உங்க சர்ச் ஆளு யாரோ கதவு மாறி, மூணு வாரமா எங்க கடை கக்கூஸைக் கழுவிட்டுப் போறாரு. யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, ஜும்மா தொழுகையில நாங்க பேர் தெரியாமலே அவருக்கு துஆ கேட்டுட்டு இருக்கோம்!"