வராதவர் தவறவிட்ட பந்துகள்: பூச்சியம்

கையைத் தூக்கியவர் யாரென்று அவருக்கே தெரியும். பெயர் வேண்டாம். பொதுக்கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து மட்டன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, தீர்மானம் காதில் விழ முன்னமே “வழிமொழிகிறேன்” என்று கையை உயர்த்தினாரே, அவரைத்தான் சொல்வது. அந்த ஒரு கை மடியிலேயே கிடந்திருந்தால் நாங்கள் குடியேறிய மிச்சம் என்ற சீமை ஊரின் மீன்கொத்திகள் பேஸ்போல் அணிக்கு இந்த வில்லங்கம் வந்தே இராது.

பேஸ்போல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் பரமேஸ்வரன் ரொறொன்ரோவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போனார், தலையில் தொப்பியோடு திரும்பினார். “கிரிக்கெட் பழசாப் போச்சு” என்றார். மற்ற ஊர்ச் சங்கங்களிடம் இல்லாத சாமான் என்றதும் ஏகமனதாக நிறைவேறியது.

முதல் ஆட்டத்தன்று மட்டைக்காரர் நிற்க வேண்டிய இடத்தில் குத்துவிளக்கு நின்றது. பிரமுகர்கள் வரிசையாக ஏற்றினார்கள், மிச்சத்துக் காற்று வரிசையாக அணைத்தது. கடைசியில் பொறுமையிழந்த வெள்ளைக்கார நடுவரையும் ஒரு திரி ஏற்ற வைத்து, பொன்னாடை போர்த்தித்தான் விட்டார்கள். ஆட்டம் தொடங்கியதும் வேறு சிக்கல். பந்தை அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். கிரிக்கெட்டில் வளர்ந்த கைகள் விடுமா? எல்லோரும் மட்டையோடு ஓடி, தளத்தில் ஒரு குத்துக் குத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

இப்படியே பருவம் போயிற்று. ஒரு கிழமை வெற்றி, மறுகிழமை மண் கவ்வல்.

வென்ற கிழமைகளில் வென்றதற்குக் காரணம் றோஸ்மலர். மிச்சத்தில் மீன்கடை வைத்திருப்பவள். அணியின் கேட்சர். அதாவது, முகத்தில் கம்பிக்கூடு மாட்டி, மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து, அணியின் பந்தெறிகாரன் நிர்மலன் எறிகிற பந்தையெல்லாம் பிடிப்பவள். கிழமையில் ஆறு நாளும் கடைக்கு, வாடிக்கையாளருக்கு, வரிக்காரருக்கு. ஞாயிறு பூசை முடிந்த பிறகு வரும் அந்த ஆட்டம் ஒன்றுதான் அவளுக்கு. அதை எவன் கேட்டாலும் கொடுக்கமாட்டாள்.

அப்படியிருக்கத்தான், பின்வரிசைக் கை வழிமொழிந்த அந்தத் தீர்மானம் வந்தது. ‘சமச்சீரற்ற பருவத்தின் பின்னணியில், கவனிக்கப்படாத வீரர்களை இனங்கண்டு, கௌரவித்து, வரும் ஞாயிறு தொடங்கும் அடுத்த பருவத்தில் உரிய இடம் வழங்குவதற்கான மீளாய்வு உபகுழு.’ றோஸ்மலருக்கு உள்ளுக்குள் சந்தோசம். தன்னைவிடக் கவனிக்கப்படாத ஆள் ஆர் என்ற துணிவு.

உபகுழு கோயில் மண்டபத்தில் கூடியது. தலைவர் பரமேஸ்வரன், கவுன்சிலில் பார்க்கிங் பெர்மிட் கொடுத்தும் கொடாமலும் ஓய்வு பெற்றவர். செயலாளர் துஷாந்தன், மடிக்கணினி இல்லாமல் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டான். பொருளாளர் கிறிஸ்துநாயகம், பாதி நித்திரை.

“தங்கச்சி, நீங்கள் கவனிக்கப்படாதவர் எண்டதுக்கு ஆதாரம்?” என்றார் பரமேஸ்வரன்.

“எல்லாப் படத்திலையும் நிக்கிறன். ஒருத்தருக்கும் என்ரை முகம் தெரியாது.”

“முகம் தெரியாட்டி, அது நீங்கள்தான் எண்டு எப்பிடி ஏற்கிறது?”

“கூட்டுக்குள்ளை நான்தானே அண்ணை இருந்தனான்!”

“கூட்டைக் கழட்டிப்போட்டுப் பிடிச்ச படம் ஒண்டு?”

“கழட்டினால் பல்லுப் போயிடும்.”

“பல்லுப் போற நேரம் எடுத்த படமெண்டாலும் பரவாயில்லை. திகதி இருக்க வேணும்.”

வாசலில் நின்ற நிர்மலன் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தான். “அண்ணை, அது றோஸ்மலர் அக்காதான். நான் எறிஞ்ச ஒவ்வொரு போலையும் அவதான் பிடிச்சவ. நான் பாத்தனான்.”

“பாத்தனீர்?”

“ஓம்.”

“அப்ப அவ கவனிக்கப்பட்டிட்டா.” பரமேஸ்வரன் பேனையை எடுத்து அவள் பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். “நல்ல சாட்சி. நன்றி தம்பி.”

துஷாந்தன் மடிக்கணினியைத் திருப்பினான். “தரவின்படி பாத்தால், முழுப் பருவத்திலும் கவனிக்கப்படாதவர் ஒருவர்தான். பொருளாளர் ஐயா. ஒரு ஆட்டத்துக்கும் வரேல்லை. றோஸ்மலர் அக்கா தவறவிட்ட பந்து பதினொண்டு. ஐயா தவறவிட்டது பூச்சியம். அணியிலையே சிறந்த கேட்சர்.”

தன் பெயர் கேட்டுக் கிறிஸ்துநாயகம் விழித்துக்கொண்டார். “என்ன, தேத்தண்ணியோ?”

“கேட்சர் பதவி, ஐயா.”

“அதுக்கு எழும்ப வேணுமோ?”

“இல்லை, குந்த வேணும்.”

றோஸ்மலருக்கு உச்சந்தலை கொதித்தது. “நூறு பந்து பிடிச்சவள் பதினொண்டு விடுவாள்! ஒண்டும் பிடிக்காத மனுசன் எதை விடுறது? என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?”

“கதை இல்லை அக்கா, வீதம்” என்றான் துஷாந்தன்.

கத்திப் பயனில்லை என்று கண்டதும் அவளுக்குள் இருந்த கடைக்காரி எழும்பினாள். “சரி. பாதி ஆட்டம் தாங்கோ.”

“ஏலாது” என்றார் பரமேஸ்வரன். “அணியில இடத்துக்குப் பதிலாய், உபகுழுவில உறுப்பினர் இடம் தரலாம்.”

றோஸ்மலர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. விலை இறங்குகிறது எப்போதும் வாசலில் வைத்துத்தான் என்பது அவளுக்குக் கடை படிப்பித்த பாடம்.

“நில்லுங்கோ! உபதலைவர்?”

கதவைத் திறந்தாள்.

“தலைவர்! கொடி போட்ட மேசை, மாபிள் பேர்ப்பலகை!”

“பொன்னாடை?”

“ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒண்டு.”

“பட்டு?”

பரமேஸ்வரன் துஷாந்தனைப் பார்த்தார். “பட்டு.”

கையில் கை அடித்துப் பேரத்தை முடித்தாள். மூன்று ஆம்பிளைகளையும் மடக்கிவிட்டேன் என்ற மிதப்போடு ட்ராமில் ஏறினாள். கேட்கப் போனது எது, வாங்கி வந்தது எது என்று ஞாயிறு வரைக்கும் அவளுக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு வந்தது. கிறிஸ்துநாயகத்துக்கு முழங்கால் மடங்கவில்லை என்று கதிரை போட்டு இருத்தினார்கள். நிர்மலன் எறிந்த முதல் பந்து அவர் காதோரம் போய் வேலியைத் தாண்டி பஸ் தரிப்பிடத்தில் விழுந்தது. அவர் அசையவில்லை. “கை நீட்டாத பந்து தவறவிட்ட பந்தாகாது” என்று துஷாந்தன் பூச்சியத்தைக் காப்பாற்றினான். நாலாவது பந்துக்குப் பிறகு நிர்மலன், றோஸ்மலர் வீற்றிருந்த கொடி மேசைக்கு ஓடி வந்தான்.

“அக்கா, இந்த மனுசனோடை ஏலாது. நீங்கள் இறங்குங்கோ.”

பட்டுப் பொன்னாடைக்குள்ளே அவளுடைய இடக்கை தானாகவே விரிந்து மூடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை தினவெடுத்தது. வாயைத் திறந்தாள்.

“ஏலாது எண்டதுக்கு ஆதாரம் இருக்கோ தம்பி?”

சொன்னது தான்தானா என்று அவளே திடுக்கிட்டாள். ஆனால் பேர்ப்பலகை முன்னால் இருந்தது. சுற்றி நின்ற எல்லோரும் கை தட்டினார்கள். புதுத் தலைவர் நன்றாகக் கேட்டார் என்றார்கள். அணி அன்றைக்குத் தோற்றது. தோற்றதை மீளாய்வு செய்ய இன்னொரு உபகுழு ஏகமனதாக அமைந்தது. வேண்டாம் என்று ஒரு குரல் இல்லை. றோஸ்மலரும் கையைத் தூக்கினாள்.

ஐயா, பெயர் சொல்லாமல் விட்டவரே, இதை வாசித்து அடுத்தவனை நினைத்துத்தானே சிரிக்கிறீர்? உம்மைத்தான் சொல்வது. நீர் எந்தச் சங்கத்தில் எந்த வரிசையில் இருந்தாலும் சரி. கையைத் தூக்கத் தெரிந்த உமக்கு இறக்கத் தெரியாதா? வாற ஞாயிறு மைதானத்துக்கு வாரும். அந்தப் பாவப்பட்ட கிழவரைக் கதிரையால் எழுப்பி வீட்டுக்கு அனுப்பும். கையுறையைக் கொண்டுபோய் அவள் கையில் மாட்டிவிடும். எதிர்ப்பாள், ஆதாரம் கேட்பாள், பேர்ப்பலகையைக் காட்டுவாள். விடாதையும். கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டுச் செய்வோம் என்று மட்டும் சொல்லாதையும். எழும்பும் ஐயா, எழும்பிப் போய்ச் செய்யும்!