பெண் பார்க்கும் நாளில் லைன் டான்ஸ்

ஐம்பது வயதுக்கு மேல் தொப்பி வாங்குகிறவர்கள் தலையில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் சிரம்பானை ஒட்டிய ராசாவில் குடியிருந்தோம். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவர் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். எனக்குச் சர்க்கரை, டாக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடக்க அலுப்பாக இருக்கவே, பக்கத்துத் தெரு லிம் ஆன்ட்டி நடத்திய லைன் டான்ஸில் சேர்ந்துவிட்டேன். வரிசையாக நின்று, பாட்டுக்கு எல்லாரும் ஒரே மாதிரி காலெடுத்து வைத்து, ஒரே பக்கம் திரும்ப வேண்டும். ஜோடி வேண்டாம், இடுப்பை வளைக்க வேண்டாம். (வளைக்கச் சொன்னாலும் வளையாது.)

சிரம்பான் கடைவளாகம் ஒன்றின் மேடையில் ஒரு ஞாயிறு காலை எங்கள் ஆட்டம். அன்று மாலையே மம்பாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

“நீ ரொம்ப அடக்கம்னு தரகர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஆடுறது தெரிஞ்சா அவ்ளோதான்” என்றார் கணவர்.

“மம்பாவுல இருக்கறவங்க காலங்காத்தால அங்க எதுக்குலா வரப்போறாங்க?” என்று கிளம்பிவிட்டேன்.

கொண்டை, மல்லிகைச் சரம், அதன் மேல் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கௌபாய் தொப்பி. பாதிப் பாட்டில் எல்லாரும் இடப்பக்கம் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து என் தொப்பி மூக்குவரை இறங்கியது. இருட்டில் நான் வலப்பக்கம் திரும்பி, கைதட்டிக்கொண்டே நடந்தேன். பின்னால் லிம் ஆன்ட்டி என்னவோ கத்தினார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக நடந்தேன். தாழ்வான மேடைதான், ஆனாலும் அதற்கு ஒரு முடிவு இருந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் மடியில் போய் விழுந்தேன். அவர் கையிலிருந்த சிராப் பண்டோங் ரோஸ்பால் முழுவதும் அவர் சேலையில்.

“ஐயையோ, என் சேல!”

“சாரிமா, சாரி!” என்று தொப்பியை இன்னும் கீழே இழுத்து முகத்தை மூடிக்கொண்டு டாக்சிக்கு ஓடினேன்.

மாலையில் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு முதலில் நுழைந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. அதே அம்மாள். சேலை மட்டும் வேறு.

“என் வீட்டுக்காரி குனிஞ்ச தல நிமிரமாட்டா” என்று கணவர் அளந்துகொண்டிருந்தார். அன்று ஒருநாள் மட்டும் அது உண்மை. பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கூத்தால் மகள் கல்யாணம் நின்றுவிடுமே என்று பயம். தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்கு ஓடினேன். அந்த அம்மாள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

“அக்கா, காலையில தொப்பி போட்டிருந்தது நீங்கதானே?”

“இல்லயே” என்றேன்.

“குரலும் அதே குரல்தான்.”

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “எம்மகளுக்கு ஒண்ணும் தெரியாதுமா. தப்பு எம்மேலதான். அந்தச் சேலைய நானே தொவச்சு...”

“சேல கெடக்கட்டும்!” கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “நான் எதுக்கு மொத வரிசையில உக்காந்திருந்தேன்? எனக்கும் சேரணும்னு ஆசைலா. வீட்டுல சிரிப்பாங்கன்னு, கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். என்னையும் சேத்து விடுறீங்களா?”

“அதுக்கென்ன, சேத்து விடுறேன்” என்றேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். “உள்ள என்ன சத்தம்?” என்று கணவர் கேட்டதற்கு, “பூனை” என்றேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகளை அனுப்பி வைக்கும்போது அவளைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். சம்பந்தியம்மா என் காதருகில் குனிந்து, “நாளைக்கு கிளாசுக்கு வருவீங்களா, இல்ல அழுதுகிட்டேதான் இருப்பீங்களா?” என்றார்.

கல்யாண வீடியோவில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் வாயைப் பிளந்து சிரிக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் மருமகன் அந்த இடத்தில் நிறுத்தி, பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்:

“பாருங்க, மகள என் தலையில கட்டிட்டதுல பாட்டிக்கு எவ்ளோ சந்தோஷம்னு!”