காலித் தட்டுக்கு நீல நாடா

வரிங்கா வட்டார விவசாயக் கண்காட்சியில் செம்மறியாட்டுக்கும் பூசணிக்கும் எத்தனையோ நடுவர்கள் வந்து போனார்கள். பழக்கேக் பிரிவுக்கு மட்டும் என்றைக்கும் நோரீன் ப்ளங்கட் அம்மையார்தான். அவருக்குத் தட்டெடுத்துக் கொடுக்கும் உயர் பொறுப்பு என்னுடையது.

அப்பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் போட்டியிட்டவர் பெரில் ஹாக் ஒருவரே. பதினோரு ஆண்டும் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசுக்கான சிவப்பு நாடா. நான்கு மணித் தேநீருக்கு அந்தக் கேக்கை அறுப்பார்கள். நடுவர் இரண்டு துண்டு தின்பார்.

பன்னிரண்டாம் ஆண்டு பெரில் பொறுமையிழந்தார்.

"நான் ஒருத்திதானே வந்திருக்கேன்? அப்ப மொதல்ல வந்தது யாரு?"

"யாரும் வரல. அதுக்காக நீ மொதல்ல வந்ததா ஆயிடுமா? கேக்கு அடியில, ஆறவெச்ச கம்பித்தட்டோட தழும்பு இருக்கு. அது கூடாது, விதி ஒன்பது."

"அடியத் திருப்பிப் பாக்கிறவ நீ ஒருத்திதான் நோரீன். என் வீட்டுக்காரர் சாகிறவரைக்கும் மேலேருந்துதான் தின்னாரு."

"அதான் அவரை யாரும் நடுவரா கூப்பிடல."

"சரி, அந்த மொதப் பரிசை எங்க வெச்சிருக்கேன்னு காட்டு. பாத்துட்டுப் போறேன்."

நியாயமான கோரிக்கை. செயற்குழு அவசரமாகக் கூடியது. இரண்டாமிடம் இருப்பதால் முதலிடம் இருந்தாக வேண்டும், முதலிடத்தில் ஒன்றுமில்லை, ஆகவே ஒன்றுமில்லாததே முதலிடம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. நான் ஒரு வெள்ளைத் தட்டைத் துடைத்து வைத்து, முதல் பரிசுக்கான நீல நாடாவைச் சாத்தினேன். நடுவர் குறிப்பு எழுதினார்: "வெடிப்பில்லை. திராட்சை அடியில் தங்கவில்லை. தழும்பு அறவே இல்லை."

ஊர் வரிசையில் நின்று பார்த்தது. நகரத்திலிருந்து வந்த தம்பதி, "என்ன ஒரு அடக்கமான கைப்பக்குவம்!" என்று படமெடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு அப்பிரிவில் நாற்பத்தாறு தட்டுகள். எல்லாம் காலி. விதிப்புத்தகத்தில் இரண்டு பக்கம் கூடியிருந்தது: தட்டு வெண்மையாக இருத்தல் வேண்டும், உள்ளடக்கம் சுழியம் கிராமுக்கு மிகலாகாது. பெரிலும் அடுப்பைப் பற்றவைக்காமல், ஒரு தட்டைக் கழுவி எடுத்து வந்திருந்தார்.

அம்மையார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"பெரில், இதுல முன்னாடி கேக் இருந்திருக்கு."

"முப்பது வருஷமா இருந்துச்சு."

"அதான். ரெண்டாம் பரிசு."

முதல் பரிசு எனக்கு. பிறந்ததிலிருந்து முட்டை உடைத்தறியாதவன். என் தட்டில் களங்கமில்லை.

நான்கு மணிக்குத் தேநீர் வந்தது. கூடம் முழுக்கக் கோப்பையோடு நின்றது. அம்மையார் கத்தியோடு நின்றார்.

"எதை அறுக்கிறது?"

பெரில் சிவப்பு நாடாவைச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"ஜெயிச்சதை அறு, நோரீன். உனக்கு வழக்கம்போல ரெண்டு துண்டு."

கத்தி என் தட்டில் இறங்கியது. ஒவ்வொருவராகக் கை நீட்டி வாங்கிக்கொண்டோம். பதமாக வெந்திருக்கிறது என்று அம்மையார் சொன்னார். நான்தான் முதலில் ஆமோதித்தேன்.