கிரிக்கெட் கடித்த கதை

தொலைக்காட்சிக்கு முன்னால் சாய்ந்திருந்து கிரிக்கெட் பார்க்கும் ஆண்கள் எல்லோருக்கும், இப்போது மட்டையைக் கையில் தந்தாலும் நாலு பந்தை வெளியே அடித்துவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளுக்குள் இருக்கும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சப்பாத்து நாடா கட்டுவதற்கு உட்காரக் கதிரை தேடத் தொடங்கிவிட்ட வயதிலும் அது குறையவில்லை.

போன கோடையில், பிரெஞ்சு பேசும் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் வம்பு தொடங்கியது. மனைவி வதனியின் தம்பி சுதன் உதைபந்துக்காரன். கிரிக்கெட்டை ஒரு விளையாட்டென்றே ஒப்புக்கொள்ள மாட்டான். நடுவில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து விளையாடுவதற்கு எதற்கு உடம்பு என்று கேட்டான். நான் ஆட்டுக்கறியை ஒதுக்கி வைத்துவிட்டு (கொஞ்ச நேரம்தான்) விளக்கம் கொடுத்தேன்.

"உதைபந்துக்குக் கால் வேணும். கிரிக்கெட்டுக்கு மூளை போதும்."

"அப்ப ரன் ஓடுறது எதாலையப்பா?" என்று கேட்டாள் வதனி.

பந்தை எல்லைக்கு அனுப்பத் தெரிந்தவன் ஏன் ஓட வேண்டும் என்றேன். சுதன் அடுத்த நாளே ஊர்ச்சங்க ஒன்றுகூடலில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு என் பெயரையும் வதனியின் பெயரையும் கொடுத்துவிட்டான். வதனிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. நாள் முழுக்க இரண்டு வயதுக்காரரைத் துரத்திப் பிடிக்கும் உத்தியோகம். அதுவும் ஒரு பயிற்சிதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆட்டத்தன்று நல்ல புழுக்கம். பூங்காவில் புல் கணுக்கால்வரை வளர்ந்திருந்தது. முதல் பந்தையே விளாசினேன். சத்தியமாக நல்ல அடி. டென்னிஸ் பந்து பாதித் தூரம் பறந்து, புல்லுக்குள் விழுந்து, அங்கேயே படுத்துவிட்டது.

"மூண்டு ஓடலாம், வாங்கோ" என்றாள் மறுமுனையில் நின்ற வதனி.

முக்கால்வாசித் தூரம் போயிருப்பேன். பின்னாலிருந்து யாரோ என்னை முந்திக்கொண்டு போனார்கள். அது என் மனைவி. என் முனையைத் தொட்டுவிட்டு அவள் இரண்டாவது ஓட்டத்தில் இருந்தாள். நான் முதலாவதில். இருவரும் ஒரே முனைக்குப் போய்ச் சேர்ந்தோம். நடுவருக்கு எதை எண்ணுவதென்று தெரியவில்லை. பந்தை எடுத்தவனுக்கோ சிரிப்பில் எறிய முடியவில்லை.

"நிக்காதேங்கோ, அங்கால ஓடுங்கோ."

திரும்பி ஓடினேன். நடுவழியில் இடது கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்தது. குப்புற விழுந்து, புரண்டு, மூச்சு வாங்குவதற்காக நெஞ்சில் கை வைத்தேன். அதுதான் நான் செய்த பிழை. பார்த்த எல்லோருக்கும் அது மாரடைப்பாகத் தெரிந்தது. யாரோ அம்புலன்ஸுக்குப் போன் அடித்துவிட்டார்கள். எதிரணியில், விக்கெட்டுக்குப் பக்கத்தில் பந்தோடு நின்ற சுதன் குனிந்து, "அத்தான், அவுட்டாக்கவோ, விடவோ?" என்று மரியாதையாகக் கேட்டான்.

வதனி முழங்காலிட்டு என் முகத்தைப் பிடித்தாள். "என்ன செய்யுது, கதையுங்கோப்பா" என்றாள். வெறும் கால்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அவள் அப்படிப் பயந்து நான் கண்டதில்லை. அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்குச் சிரிப்பாக இல்லை.

வந்த அம்புலன்ஸ்காரர் பிரெஞ்சில் என்ன நடந்ததென்று கேட்டார். என் பிரெஞ்சு பனிக்கால வெயில் மாதிரி, எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். காலைக் காட்டி, "கிரிக்கே" என்றேன். அவர் உடனே என் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, எங்கே கடித்தது என்று தேடத் தொடங்கினார். (அவர்களுடைய மொழியில் அது வெட்டுக்கிளியாம்.) வதனி அழுத கண்ணோடு புல்லில் இருந்தபடியே சிரித்தாள். அது விளையாட்டு என்று அவள் விளக்கியதும், அம்புலன்ஸ்காரர் எவ்வளவு தூரம் ஓடினார் என்று கேட்டார். அவள் இரண்டு விக்கெட்டுகளையும் காட்டினாள். தான் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பவும் கேட்டார். கடைசியில், நெஞ்சில் ஒரு குறையும் இல்லை, காலுக்கு ஐஸ் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது தொலைக்காட்சியில் இரண்டு இரண்டாக ஓடி ஓட்டம் எடுக்கிறவர்களைக் கண்டால் எழும்பி நிற்கத் தோன்றுகிறது (எழும்புவதில்லை). வீட்டுக்கு யார் வந்தாலும் மகள், "அப்பாவைக் கிரிக்கெட் கடிச்சது தெரியுமோ?" என்றுதான் தொடங்குவாள்.

இந்த வருடம் பனி கரைய முன்னமே சங்கத்து அணித்தலைவர் தொலைபேசியில் அழைத்தார். கால் சுகமோ என்று விசாரித்தார். சுகம்தான், ஆனால் பழைய வேகம் வருமோ தெரியாது என்று அடக்கமாகச் சொன்னேன்.

"அதில்லை அண்ணை" என்றார். "வதனி அக்கா வீட்டில நிக்கிறாவோ?"