செல்வியின் கணவரும் என் தேன் குரலும்

எங்கோ பலித்த யோசனை நம் தெருவிலும் அப்படியே பலிக்கும் என்று நம்புகிறவன், பெண் பார்க்காமலே பத்திரிகை அடிக்கிறவன். அப்படி அடித்தவர்களில் நானும் ஒருவன்.

டெல்லியில், ஆராய்ச்சியில் தேறிய வைத்திய முறைகளை மக்களிடம் கொண்டு சேர்ப்பதுதான் என் வேலை. தினமும் போனில் ஞாபகப்படுத்தினால் ரத்தக்கொதிப்புக்காரர்கள் மாத்திரையை விடமாட்டார்கள் என்று படித்துவிட்டு, தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் வசிக்கும் ஒரு ஜுக்கியில், அதாவது குடிசைப் பகுதியில், அதைத் தொடங்கினோம். பதிவு செய்த குரல் என்னுடையது. (ஆபீசில் வேறு யாருக்கும் தமிழ் வராது. தவிர, என் குரலில் தேன் வடிவதாக எனக்கு ஓர் எண்ணம்.) வியாதி விஷயம் அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதே என்று, மாத்திரை என்ற சொல்லையே தவிர்த்துப் பேசினேன்: “மறந்துடாதீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவேன்.”

ராத்திரி அந்த நேரத்தில் போன் யார் சட்டைப்பையில் இருக்கும் என்று கேட்க மட்டும் தோன்றவில்லை.

அந்த வாரமே அங்கிருந்த எங்கள் கிளினிக் வாசலில் ஒரு கொத்தனார், கையில் போனோடு. “எம் பொண்டாட்டி செல்விக்கு டெய்லி ராத்திரி போன் போடுறவன் எவன்யா?”

நான் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு நோயாளி நாற்காலியில் பாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டினேன். நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் இரக்கமில்லாமல் என் ரத்த அழுத்தத்தை அளந்து, “சார், நீங்கதான் மொதல்ல மாத்திரை போடணும்!” என்றார்.

“அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர்.”

“இந்தக் குரல்தான்!” கொத்தனார் கை என் காலரில்.

பின்னாலேயே ஓடி வந்த செல்வி கத்தினார்: “ஐயோ, அவரை விடுய்யா! அது ப்ரெஷர் மாத்திரைக்கு!” பிறகு என்னிடம், “உங்க போனால வீட்ல ஒரே சண்டை சார். அதான் மாத்திரையையே சாக்கடையில கொட்டிட்டேன்.”

காலர் விடுபட்டது. மாத்திரையில் குறையில்லை, ஆராய்ச்சியும் பொய்யில்லை. வீட்டுக்கு ஒரே போன் இருக்கும் தெருவுக்கு, எல்லாரிடமும் போன் இருக்கும் ஊரின் வைத்தியத்தைக் கொண்டு வந்து, ஒருத்தியின் மருந்தை நானே பறித்திருந்தேன்.

“எப்படி ஞாபகப்படுத்தினா உங்களுக்குத் தோதா இருக்கும்?” முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அன்று கேட்டேன்.

செல்வி யோசிப்பதற்குள் கொத்தனார் முந்திக்கொண்டார். “நானே ஞாபகப்படுத்துறேன். நீ கூப்பிடாத.”

போனை நிறுத்தினோம். வீடு வீடாகப் போய், ஞாபகப்படுத்தும் முறையை அவரவர் சொன்னபடி மாற்றினோம். செல்வி இப்போது மாத்திரையை விடுவதில்லை. நானும்தான். (பயத்தில் ஏறிய அழுத்தம் என்று சிஸ்டரிடம் வாதாடினேன். அடுத்த வாரமும் அது இறங்கவில்லை.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அழைப்பு மணி அடித்தால், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள்: “அப்பா, ஜல்தி ஒளிஞ்சுக்கோ! யாரோட ஹஸ்பெண்டோ வந்திருக்கார்!”