எட்டாவது வரி

"ஏழாவது வரி வரைக்கும் பளிச்சுனு தெரியுது. அதுக்குக் கீழே தெரியலை," என்றார் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர்.

"அதுக்குக் கீழே ஒண்ணும் இல்லைங்க."

"என் கண்ணுக்குத் தெரியலையா, இல்ல நீங்களே எழுதலையா?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகை தொங்கவேண்டிய ஆணியில் அவர் தன் கவிதையை ஒரு பலகையில் எழுதி மாட்டியிருந்தார். பழைய நோட்டு ஒன்றில் ஏழு வரியோடு நின்றுபோயிருந்த கவிதை. நாலு நாளாக மண்டையை உடைத்தும் எட்டாவது வரி வரவில்லை. யாராவது சத்தமாகப் படித்தால், கேட்ட வேகத்திலாவது வராதா என்று ஒரு நப்பாசை.

பதிப்பாளர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். ஐந்து மணிக்குள் கடைசிக் கவிதை வராவிட்டால் அச்சகத்தில் வேறு வேலையை ஏற்றிவிடுவார்கள். ஆறு வருடமாகக் காத்திருந்த இரண்டாவது புத்தகம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

"தப்பா நினைக்காதீங்க," என்றார் டிரைவர். "மூணாவது வரியில ஒரு பறவை ரூமுக்குள்ள வருதே. அப்புறம் அது என்னதான் ஆச்சு?"

கடைக்காரர் இதை யோசித்ததே இல்லை. 'பறந்து போனது' என்று எட்டாவது வரியை எழுதினார்.

"எப்படிங்க போகும்?" ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள். "அஞ்சாவது வரியில ஜன்னலைச் சாத்திட்டீங்களே!"

ஜன்னலைத் திறந்தார்.

லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த மைத்துனன் தலையை நீட்டினான். "அப்போ ஆறாவது வரி மழை உள்ள அடிக்காதா மாமா?"

மழையை நிறுத்தினார்.

"மழையே இல்லேன்னா, ரெண்டாவது வரியில அவ எதுக்குக் குடையோட நிக்கிறா?" டிரைவருக்குத் தன் கண்ணைப் பற்றிய கவலையே போய்விட்டது.

குடையைப் பிடுங்கினார்.

"குடை கிடக்கட்டும்." மனைவி பலகையருகே வந்தே விட்டாள். "யாருங்க அவ?"

கவிதையில் இருந்தவளையும் கோடு போட்டு அடித்தார். மணி நாலே முக்கால். கவிதையில் ஒரு ஜன்னலும் ஒரு பறவையும்தான் மிச்சம்.

"இதுல கவிதை எங்க இருக்கு மாமா?"

கடைக்காரருக்கும் அதுதான் தெரியவில்லை. தன்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டதோ என்று பயந்தார். அவசர அவசரமாக ஜன்னலைச் சாத்தி, குடை, மழை, அவள் எல்லோரையும் திரும்ப அழைத்து அவரவர் வரியில் நிறுத்தினார். எட்டாவது வரியில் 'அவ்வளவுதான்' என்று எழுதி, படமெடுத்து அனுப்பினார்.

ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் போன் வந்தது. பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவர். கடைக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துப் பேசினார். மூவரும் சுற்றி நின்றார்கள்.

"வந்து சேர்ந்துச்சா? அச்சுக்குப் போயிடும்ல?"

"ஒரே ஒரு சந்தேகம் சார்," என்றது அந்தக் குரல், தயங்கித் தயங்கி. "உங்க முதல் புத்தகத்துல முப்பத்தோராம் பக்கம் இதே கவிதை ஏழு வரியோட முடிஞ்சிருக்கே; அந்த முடிவுதான் எனக்கு உயிர், இந்த எட்டாவது வரியை எடுத்துடட்டுமா?"